கச்சான் காற்றும் பின் டயரும்

மே 5, திங்கள்

என் வீட்டுக்காரி ஆக்னஸுக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "நடக்கதுக்கு எங்க டாக்டரே நேரம்? சைக்கிளு ஓட்டுனா போதுமா?" என்று கேட்டாள் இவள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாகர்கோவிலில் என்னைக் கண்ணாடிக் கடை ததேயு என்றால் பாதிப்பேருக்குத் தெரியாது. சைக்கிள் ததேயு என்றால் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

பதினோரு வருடமாக முக்கடல் சைக்கிள் குழுவின் ரூட் கார்டு எல்லாம் நான் போட்டது. கன்னியாகுமரியிலிருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் கடலோரச் சாலையில் எந்த வளைவில் மணல் ஏறிக் கிடக்கும், எந்தக் கடையில் டீ குடிக்கலாம், எந்த வீட்டு நாய் விரட்டும், எல்லாம் என் கையெழுத்தில் ஒரே தாளில் இருக்கும். கார்டின் அடியில் 'தயாரிப்பு: ததேயு' என்று போடுவது வழக்கம்.

என் பழைய இரும்பு சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு அவளிடம் கொடுத்தேன். பத்து நாள் தாண்டாது என்று நினைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

மணக்குடிப் பாலம் வரைக்கும் போய் வந்தோம். கியர் மாற்றுவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அவள் பாலத்தைத் தாண்டியிருந்தாள்.

எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அப்பாவுக்க சைக்கிளுல. கொரங்குப் பெடலு போட்டு. மணவாளக்குறிச்சியிலேருந்து ஐஸ்கட்டிய கேரியருல கெட்டி கரைக்குக் கொண்டுபோவேன்லா. உருகுததுக்கு முன்ன போணும்." கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அவள் கடியப்பட்டணத்துக்காரி, அப்பாவுக்கு வள்ளம் இருந்தது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐஸ்கட்டியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலியே."

மே 18, ஞாயிறு

குழுவோடு முதல் தடவை வந்தாள். பதினான்கு பேர். முன்னால் போகிறவர் பள்ளம் கண்டால் 'குழி' என்று கத்த வேண்டும், எதிரே வண்டி வந்தால் 'வண்டி' என்று கத்த வேண்டும். யாருக்கு என்று பெயரும் சேர்த்துச் சொல்வது எங்கள் குழு வழக்கம். அவளுக்கு அதுதான் சிக்கல். என் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ராஜாக்கமங்கலம் தாண்டி ஒரு பள்ளம் வந்ததும், "கேட்டியளா! குழி!" என்று கத்தினாள். தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று அத்தனை பேரும் பிரேக் பிடித்துவிட்டார்கள்.

செயலாளர் பெல்வின் பேங்கில் வேலை பார்க்கிற பையன், முப்பது வயது, வாய் சும்மா இருக்காது. "இனி அண்ணனுக்கு அதுதான் பேரு. கேட்டியளா அண்ணே, டீ சொல்லட்டா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

முட்டம் ஏற்றம். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் அந்தக் கடைசி மேட்டில் பதினோரு வருடமாக முதலில் ஏறுவது நான். மேலே நின்றுகொண்டு ஒவ்வொருவராக வருவதைப் பார்ப்பேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சிவந்த மண், கீழே கடல். அந்த இடத்தில் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு.

இன்று அங்கே நின்றது ஆக்னஸ். சேலைக்காரி சுடிதார் போட்டு, தலையில் தொப்பி வைத்து, என் பழைய சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாட்டிலில் வெள்ளம் குடித்தபடி நிற்கிறாள். "பைய வாருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். பின் பிரேக் உரசிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எனக்கு ஏற முடியவில்லை.

மத்தியானம் சாளைக் குழம்பில் உப்பே இல்லை. சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன். உரசவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

குளச்சல் வரைக்கும் போனோம். பெண்கள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆக்னஸ் பின்னால்தான் ஓட்டுவார்களாம். டீக்கடையில் புதிதாக வந்த ஒருத்தர் பெல்வினிடம் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். "இவரா? ஆக்னஸ் அக்கா வீட்டுக்காரரு."

அடச் சவமே! பதினோரு வருடம் நாய் கடிக்கும் இடமெல்லாம் குறித்துக் கொடுத்தவன் நான். ஒரு மாதத்தில் வீட்டுக்காரர் ஆகிவிட்டேன்.

குழம்பில் இன்றும் உப்புக் குறைவு. மூன்று நாளாக இதே கதை. அவளுக்குச் சைக்கிள் வந்த பிறகு சமையலில் கவனம் இல்லை.

ஜூன் 14, சனி

கடையில் ஐந்து பேருக்குக் கண் பரிசோதனை. ஒரு அம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் காஸ் சிலிண்டர் வந்தது.

சனிக்கிழமை இரண்டு சைக்கிளுக்கும் காற்றடிப்பது என் வேலை. மீட்டர் வைத்த பம்ப். எனக்குத் தொண்ணூறு. அவளுக்கு அறுபது வைத்தேன். பழைய ட்யூப், அதிகம் அடித்தால் வெடித்துவிடும். பாதுகாப்பு முக்கியம்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல ஞாயிறு. முட்டத்தில் நான் மேலே நின்று பத்து நிமிடம் கழித்து அவள் வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "இன்னைக்கு என்னமோ சைக்கிளு இழுக்குது" என்றாள். கடல் அப்படியொரு பச்சை. வெகுநாளைக்குப் பிறகு நின்று பார்த்தேன்.

மத்தியானம் நெய்மீன் குழம்பு. அருமை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும் அவள்தான் முன்னால். அறுபதிலேயே.

டாக்டர் ரிசல்ட் அனுப்பியிருந்தார். சர்க்கரை நூற்று ஐம்பத்தைந்து. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன்.

ஜூன் 28, சனி

காற்று, அவளுக்கு ஐம்பத்தைந்து.

ஜூலை 6, ஞாயிறு

குழுக் கூட்டம். வருடத்துக்கு ஒரு பெரிய ஓட்டம் உண்டு: தேங்காப்பட்டணத்தில் காலை ஆறுக்குக் கிளம்பி, கடலோரமாகவே கன்னியாகுமரி போய், மதியம் இளைப்பாறி, அதே வழியில் மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும். நூற்று முப்பது கிலோமீட்டர். நேரத்துக்குள் வந்தால் மெடல். அந்த ரூட் நான் போட்டதிலேயே அழகானது. போகும்போது கிழக்கே பார்த்து உதயம் முகத்தில் விழும், கடல் வலது கை. திரும்பும்போது மேற்கே பார்த்து அஸ்தமனம் முகத்தில் விழும், கடல் இடது கை. இத்தனை வருடமும் பொங்கல் கழித்து நடத்துவோம். இந்த ஜனவரியில் மழை விடாததால் ஜூலை 27-க்குத் தள்ளிவைத்தார்கள்.

கார்டை எல்லோருக்கும் கொடுத்தேன். ஆக்னஸ் வாசித்துவிட்டு, சபையில் எல்லோர் முன்னாலும், "கேட்டியளா, இது தை மாச ரூட்டுல்லா?" என்றாள்.

ரூட்டுக்கு என்ன மாதம் என்றேன்.

"தையில கொண்டலு அடிக்கும். கெழக்கேருந்து. வரும்போ முதுகுல தள்ளும். ஆடியில கச்சானாக்கும். மேக்கேருந்து அடிக்கும். காலம்பற ஒறங்கிக் கெடக்கும், பதினோரு மணிக்கு எழும்பிச்சின்னா பொழுது அடையுற வரை விடாது. நீங்க போட்டதுல போகும்போ சுகமா இருக்கும், வரும்போ அறுவத்தஞ்சு கிலோமீட்டரும் நெஞ்சுல அடிக்கும். கன்னியாகுமரியில கெளம்பி, காலம்பறயே மேக்க போயிட்டு, மத்தியானம் காத்தோட வந்துரலாமே."

இத்தனை வருடமும் திரும்பும்போது கால் லேசாக இருந்ததற்கு என் திறமைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதை அங்கே சொல்ல முடியுமா? "கடல்ல வள்ளம் விடுகதும் ரோட்டுல சைக்கிளு விடுகதும் ஒண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அவள் கார்டை மடித்துப் பையில் வைத்தாள்.

ஜூலை 9, புதன்

குழம்பில் உப்பில்லை என்று சொன்னதற்கு, உப்பு டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

பெல்வின் கடைக்கே வந்துவிட்டான். கண்ணாடி பார்க்க வந்தவன் மாதிரி பிரேம் எல்லாம் எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அக்கா சொன்ன மாதிரி திருப்பிப் போட்டா என்னண்ணே? பாதிப்பேரு அதத்தான் சொல்லுகாங்க" என்றான்.

"அப்பம் அக்காவயே கார்டு போடச் சொல்லு. நான் வரல்ல."

"ஐயோ, அப்பிடி இல்லண்ணே. உங்க ரூட்டுதாண்ணே. நீங்க இல்லாம என்னண்ணே முக்கடலு?" என்று ஓடிவிட்டான். ஜெயித்தாயிற்று. ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை.

வீட்டில் அவள் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பித்தளை, வட்டமாக, நீல ரிப்பனில் இருக்கும், என்னிடம் ஏழு இருக்கிறதே, அலமாரியில் பார்த்ததில்லையா என்றேன். "தூசி தட்டுகது நான்லா. எனக்குன்னு ஒண்ணு எப்பிடி இருக்கும்னு கேட்டேன்" என்றாள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஒரு சோப்பு டப்பா வாங்கினாளாம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கொடுத்ததில்லையாம்.



ஜூலை 26, சனி

காற்றடித்தேன். எனக்குத் தொண்ணூறு. அவளுக்கு வழக்கம்போல.

ஜூலை 28, திங்கள்

கடை திறக்கவில்லை. கால் இரண்டும் மடங்கவில்லை. நேற்றைய கதையை எழுதாமல் வைத்தால் பிறகு எழுதமாட்டேன்.

தேங்காப்பட்டணத்தில் பதினான்கு பேர் ஆறு மணிக்குக் கிளம்பினோம். மழை இல்லை. உதயம் நான் கார்டில் எழுதியபடியே முகத்தில் விழுந்தது. மிடாலம், குளச்சல், மண்டைக்காடு எல்லாம் பறந்த மாதிரி வந்தன. பத்தரைக்குக் கன்னியாகுமரி. "அண்ணே, உங்க ரூட்டு உங்க ரூட்டுதான்" என்று பெல்வின் கையைக் கொடுத்தான். நான் ஆக்னஸைப் பார்த்தேன். அவள் சாப்பிடும்போது அடிக்கடி கடல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மரங்கள் அசைய ஆரம்பித்திருந்தன.

பன்னிரண்டுக்குத் திரும்பினோம். கோவளம் தாண்டியதும் கச்சான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பெரிதுபடுத்தி எழுதவில்லை. மிதித்தால் நகராத சைக்கிளை வாழ்க்கையில் நேற்றுத்தான் பார்த்தேன். மணக்குடிப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணெல்லாம் மணல். பள்ளம் ஊரில் மூன்று பேர், பின்னால் வந்த குழு வேனில் ஏறிவிட்டார்கள். ராஜாக்கமங்கலத்தில் இன்னும் ஐந்து பேர். ஏறும்போது என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆக்னஸ் எப்போதோ முன்னால் போய்விட்டாள்.

முட்டத்துக்கு வந்தபோது மணி மூன்றேகால், இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர். தொடை இறுகிக் கல்லாகிவிட்டது. வேனுக்குக் கை காட்டலாம் என்று பார்த்தால் டீக்கடை வாசலில் அவள் நிற்கிறாள். அரை மணி நேரமாக நிற்கிறாளாம்.

"எதுக்கு நின்ன? மெடலு போயிரும். போ" என்றேன்.

"இந்த வாழப்பழத்தத் தின்னுங்க. எனக்க பின்னால வாருங்க. சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு ஒட்டி வரணும். காத்து எனக்க மேல அடிச்சிட்டுப் போட்டும்."

சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்குப் பாதி பாரம் குறையும். பதினோரு வருடமாக மற்றவர்களுக்கு நான் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் செய்ததில்லை. கூச்சமாக இருந்தது. ஆனால் கால் கேட்கவில்லை, ஒட்டிக்கொண்டேன்.

ஒரு சாண் விட்டு ஒட்டிப் போகிறவன் வேறு எங்கே பார்ப்பான்? அவளுடைய பின் டயரைத்தான். தரையைத் தொடும் இடத்தில் அது பிதுங்கிப் பிதுங்கிச் சுற்றியது. ஒவ்வொரு மிதிக்கும் சப்பென்று அமர்ந்து எழும்பியது. எவ்வளவு காற்று என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த டயரில் கச்சானை எதிர்த்து இத்தனை தூரம் வந்து, இப்போது என்னையும் சேர்த்து இழுக்கிறாள். "கேட்டியளா, குழி!" "கேட்டியளா, மணலு!" திரும்பிப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். கடியப்பட்டணம், அவள் பிறந்த ஊர், வந்தது போயிற்று. அங்கேயும் தலையைத் திருப்பவில்லை. மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு. கடல் இடது கையில் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. டயரைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

குளச்சலுக்குள் நுழையும்போது, "ஆக்னஸ், நில்லு" என்று கத்தினேன். கத்தினேனா அழுதேனா தெரியாது. மணி நாலரை. அவள் காலை ஊன்றி நின்றாள்.

"என்னவாக்கும்? வலிக்கா?"

சைக்கிளில் மாட்டியிருந்த கைப்பம்பைக் கழற்றிக்கொண்டு அவள் பின் சக்கரத்தருகே உட்கார்ந்தேன். "காத்து நான்தான் கொறச்சு வச்சேன்" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்."

"எப்பந்தொட்டு?"

"மொதல் வாரந்தொட்டு. எனக்கும் பெருவெரலு இருக்குல்லா? அழுத்திப் பாத்தா தெரியாதா?"

"பின்ன ஏன் நீ அடிக்கல்ல? பம்பு வீட்டுலதானே கெடக்கு."

அவள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அடிச்சா நீங்க பின்னால ஆயிருவிய. பின்னால ஆனா மூணு நாளு கொழம்புல உப்பில்லேன்னு சொல்லுவிய. உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

நான் அடித்தேன். கைப்பம்பு சின்னது, ஒரு சக்கரத்துக்கு இருநூறு தடவை அடிக்க வேண்டும். பின்னது முடித்து முன்னதும் அடித்தேன். பக்கத்து மீன் கடையில் ஒரு பெண், "யம்மா, அந்த அண்ணன ஏன் இந்தப் பாடு படுத்துக?" என்று கேட்டாள். ஆக்னஸ் சிரித்துவிட்டாள். பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தேன். கல் மாதிரி இருந்தது.

"போ. எனக்காவ நிக்காண்டாம். நான் பைய வாறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போனாள். அப்படி அவள் போவதை நான் அதுவரைக்கும் முழுதாகப் பார்க்கவே இல்லை. காற்றைக் குனிந்து வாங்கி, ஐஸ்கட்டி உருகுவதற்குள் கரைக்குப் போகிற பெண் மாதிரி போனாள். வளைவில் மறைகிற வரைக்கும் நின்றேன். எரிந்தது. ஆமாம், அப்போதும் எரிந்தது. எழுதிவிடுகிறேன்.

அவள் ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தேங்காப்பட்டணம் சேர்ந்தாள். அவளைத் தவிர நேரத்துக்குள் வந்தது பெல்வினும் இன்னொருவரும்தான். நான் சேர்ந்தபோது ஆறு நாற்பது. அஸ்தமனம் முகத்தில் விழுந்தது, அதுவும் கார்டில் எழுதியபடியே. அவள் அங்கிருந்த பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் நீல ரிப்பன். எனக்காகக் கழற்றி மறைத்துவைக்கவில்லை. நல்லவேளை. மறைத்திருந்தால் செத்திருப்பேன்.

ஆகஸ்ட் 2, சனி

அலமாரியில் ஏழு மெடலுக்குப் பக்கத்தில் எட்டாவதைத் தொங்கவிட ஆணி அடித்தேன். அவள் தள்ளி வைக்கச் சொன்னாள். "அதுக்குத் தனி ஆணி வேணும். உங்களுதோட கலக்காண்டாம்." தனியாக அடித்துக் கொடுத்தேன்.

மத்தியானம் புது கார்டு எழுதினோம். ஒரு பக்கம் தை, மறுபக்கம் ஆடி. ஆடிப் பக்கத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த இடத்தில் தென்னை காற்றை மறைக்கும், எந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட்ட வேண்டும், எத்தனை மணிக்குக் கச்சான் எழும்பும். நான் கேட்க மறந்த இருபத்தேழு வருடமும் அவள் வாயில் வந்தது. நாயை மட்டும் நான் சேர்த்தேன். அடியில் 'தயாரிப்பு' என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் ஒரு நிமிடம் இருந்தேன். பிறகு ஆக்னஸ் என்று எழுதினேன். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. பெல்வின் அதைப் பார்த்து என்ன சொல்வான் என்று நினைத்தாலே எரிகிறது.

சாயங்காலம் பம்பைத் தேடினேன். வாசலில் அவள் கையில் இருந்தது. இரண்டு சைக்கிளையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"இனிமே காத்தடிக்கது நானாக்கும். எனக்குத் தொண்ணூறு ஆயாச்சு" என்றாள். என் சைக்கிளில் பம்பை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டியளா, உங்களுதுக்கு எவ்வளவு? அறுவது போதும்லா?"

"தொண்ணூறு" என்றேன்.

சிரித்துக்கொண்டே அடித்தாள். மீட்டர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. நாளைக்கு முட்டம். நான் பெருவிரலால் அழுத்திப் பார்க்கவில்லை.